கேள்வி கேட்டவரும் கேட்கப்பட்டவரும்

1989-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதி. ஒன்பதாவது மக்களவைத் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. அப்போது நான் குருமட மாணவன். எங்கள் பொது அறையில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. செபமாலைக்குப் பின் அதைத் திறந்து பார்க்க, வாக்கு எண்ணும் நாள்களுக்கு மட்டும் அதிபர் தந்தை அனுமதி தந்திருந்தார். முடிவுகள் மெல்லத்தான் வரும். இடைவெளியை நிரப்பத் தூர்தர்ஷன் திரைப்படங்களைக் காட்டும். எங்களுள் பலர் விழித்திருந்தது திரைப்படத்திற்காகவே என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

திரையில் இருவர் அமர்ந்திருந்தனர். பிரணாய் ராய் ஆங்கிலத்தில் புள்ளிவிவரங்களை விளக்குவார். அவர் முடித்த மறுநொடியே, கையில் தாள் ஏதுமின்றி, மற்றவர் அதை இந்தியில் சொல்லத் தொடங்குவார். எங்களில் எவருக்கும் இந்தி தெரியாது. எனினும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தே எந்தப் பெருந்தலை சாய்ந்தது என்று ஊகித்தோம். தமிழ்நாட்டில் காங்கிரசும் அ.தி.மு.க.வும் சேர்ந்து 39 இடங்களில் 38-ஐ வென்ற தேர்தல் அது. ஆயின் தில்லியிலோ இராஜீவ் காந்தியின் ஆட்சி கவிழ்ந்துகொண்டிருந்தது. நம்மூரில் வென்றவர்கள் நாட்டில் தோற்கிறார்கள் என்ற புதிரை, மொழி புரியாத எங்களுக்கு விளக்கியது அவருடைய புருவமும் புன்னகையுந்தான்.

அவர் பெயர் வினோத் துவா. நாட்டுப் பிரிவினையின்போது தேரா இஸ்மாயில் கான் பகுதியிலிருந்து தில்லிக்கு வந்த அகதிக் குடும்பத்தில் 1954-இல் பிறந்தவர். 2021 டிசம்பர் 4-ஆம் நாள் காலமானார். அவ்வாண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் கணவனும் மனைவியும் நோயுற்று, மனைவி ஜூன் மாதம் இறந்திருந்தார். அதன்பின் துவா பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

மறு ஆண்டு, சமூகத் தொடர்பு ஞாயிறன்று பங்கு இளையோருக்கு ஓர் உரையாற்ற நேர்ந்தது. இதயத்தின் செவியால் கேட்டல் என்பது திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வாண்டுக்கு அளித்த கருப்பொருள். நான் வினோத் துவாவை எடுத்துக்காட்டாகக் கொண்டேன். அஞ்சாத ஊடகவியலாளர், அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றவர் என்று அரை மணி நேரம் பேசினேன். கைதட்டல் கிடைத்தது. எல்லாரும் கலைந்த பின் ஒரு மாணவி தயங்கி நின்றாள். பாளையங்கோட்டையில் காட்சித் தொடர்பியல் படிப்பவள்.

“ஃபாதர், அவரு மேல 2018-ல ஒருத்தங்க புகார் சொன்னாங்கள்ல? அத நீங்க சொல்லவே இல்லியே.”

எனக்கு அது தெரியும். தெரிந்தே விட்டிருந்தேன். ‘உரையின் மையம் அது இல்லையம்மா’ என்றேன். அவள் விடவில்லை.

“நாளைக்கு நான் ஒரு டிவி ஆபீஸ்ல வேலைக்குச் சேருவேன். அங்கயும் இப்படி ஒரு பெரிய மனுசர் இருப்பாரு. அவர் நல்லவர்னு கோயில்லயே சொல்லியாச்சுன்னா, எனக்கு ஒண்ணுன்னா நான் யார்ட்ட சொல்ல, ஃபாதர்?”

இக்கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலந்தாழ்ந்து எழுதப்படும் விடை.

துவாவின் கலையிலிருந்தே தொடங்குவோம். அதுதான் முதலில் நம்மைக் கவர்ந்தது. அக்காலத்துத் தொலைக்காட்சிச் செய்தி என்பது வாசிக்கப்படுவது. எழுதியவர் வேறொருவர், வாசிப்பவர் குரலுக்கு மட்டுமே உடைமையாளர். தமிழில் நாம் நேசித்த செய்தி வாசிப்பாளர்களின் பெருமையும் உச்சரிப்பில்தான் இருந்தது. ழகரம் சிதையாமல் ஒலித்தால் மனம் நிறைந்தோம். எது சொல்லப்படவில்லை என்று நாம் கேட்டதில்லை. துவா வாசிக்கவில்லை, பேசினார். சமஸ்கிருதச் சொற்களை அடுக்கிய அரசாங்க இந்தியை ஒதுக்கிவிட்டு, தில்லித் தெருவில் புழங்கும் இந்துஸ்தானியில், இடையிடையே ஒரு கவிதை வரியும் நையாண்டியும் கலந்து பேசினார். குரலை உயர்த்தியதாக நினைவில்லை. இன்று எட்டுச் சதுரங்களில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாத நிகழ்ச்சிகளைக் காணும்போது, அந்தத் தாழ்ந்த குரலின் அருமை விளங்குகிறது.

எனினும் அவருடைய உண்மையான சாதனை குரலன்று. 1985-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஜன்வாணி’ என்ற நிகழ்ச்சி அது. மக்கள் குரல் என்பது அதன் பொருள். எளிய குடிமக்கள் மத்திய அமைச்சர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள், நடத்தியவர் துவா. தொலைக்காட்சி முழுவதும் அரசின் கையில் இருந்த காலம் அது. நெருக்கடி நிலை முடிந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசின் செலவில், அரசின் கூடத்தில், அரசின் அமைச்சர் வியர்த்து விடைதேடுவதை நாடு முழுவதும் பார்த்தது. அமைச்சரும் கேள்விக்கு உட்பட்ட மனிதரே என்பதை நூறு தலையங்கங்களைவிட அந்தக் காட்சி எளிதாகக் கற்பித்திருக்கும். 1992-இல் ‘பரக்’ என்ற வார இதழ் நிகழ்ச்சியையும் நடத்தினார். 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிற்காலத்தில் நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் அமர்ந்து உண்டு மகிழும் ‘சாய்கா இந்தியா கா’ நிகழ்ச்சியையும் நடத்தினார். (சங்கரன்கோவில் பிரியாணியின் மணம் அவரை எட்டியிருந்தால் எங்கள் ஊரிலும் ஒரு பொழுது தங்கியிருப்பார்!)

இங்கே ஒரு திறனாய்வுக் குறிப்பும் தேவை. மற்றவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துப் புகழ்பெற்றவர், இறுதிப் பத்தாண்டில் தனியே பேசுபவரானார். இணையத்தில் அவர் நடத்திய ‘ஜன் கண் மன் கீ பாத்’ போன்ற நிகழ்ச்சிகளில் கேள்வியும் அவரே, விடையும் அவரே. அந்த உரைகளில் துணிவு இருந்தது. ஆயினும் ஜன்வாணியின் கூடத்தில் இருந்த அந்த எதிர்நாற்காலி அவற்றில் இல்லை. அந்த நாற்காலியை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். மீண்டும் அதனிடம் வருவோம்.

2020 மார்ச் 30-ஆம் நாள் யூடியூபில் வெளியான அவருடைய நிகழ்ச்சி ஒன்றை முன்வைத்து, இமாச்சலப் பிரதேசத்தில் பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த ஒருவர் சிம்லா மாவட்டக் குமார்சைன் காவல் நிலையத்தில் புகார் அளித்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவின்கீழ், அதாவது தேசத்துரோகத்திற்காக, வழக்குப் பதிவாயிற்று. துவா உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமையாயிருந்தும் நீதிமன்றம் கூடி, அவரைக் கைது செய்யத் தடைவிதித்தது, விசாரணையைத் தடுக்கவில்லை. ஓராண்டுக்குப் பின் 2021 ஜூன் 3-ஆம் நாள் நீதிபதிகள் யு. யு. லலித், வினீத் சரண் ஆகியோர் அவ்வழக்கை நீக்கித் தீர்ப்பளித்தனர். 1962-ஆம் ஆண்டின் கேதார்நாத் சிங் தீர்ப்பு வகுத்த பாதுகாப்பு ஒவ்வொரு ஊடகவியலாளருக்கும் உரியது என்றனர். அந்தப் பழைய தீர்ப்பின்படி, வன்முறையைத் தூண்டாத வரையில் அரசை எவ்வளவு கடுமையாகக் குறைகூறினாலும் அது தேசத்துரோகம் ஆகாது. பத்தாண்டு அனுபவமுள்ள ஊடகவியலாளர்மீது வழக்குப் பதியுமுன் ஒரு தனிக்குழு ஆராயவேண்டும் என்ற துவாவின் மற்றொரு வேண்டுகோளை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்காததும் ஒரு வகையில் நன்றே. பத்தாண்டு அனுபவம் இல்லாத நம் ஊர்ப் பகுதிநேரச் செய்தியாளர் அந்த வேலிக்கு வெளியே நின்றிருப்பார்.

தில்லியில் வாழ்ந்த ஓர் இந்தி ஊடகவியலாளரின் வழக்கு நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 124-ஏ நம் மாவட்டத்து மண்ணுக்குப் பழையது. 1908 ஜூலை 7-ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ. உ. சிதம்பரனாருக்குத் தண்டனை வழங்கியது இந்தப் பிரிவின்கீழ்தான். நூறாண்டு கழிந்து, 2011-க்குப் பின் கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து இடிந்தகரை லூர்து மாதா கோயில் வளாகத்தில் அமர்ந்த மக்களில் ஆயிரக்கணக்கானோர்மீது அதே பிரிவு பாய்ந்தது. வலை பின்னும் கைகள், செபமாலை உருட்டும் கைகள், எல்லாம் தேசத்துரோகிகளின் கைகளாயின. அக்கரையிலிருந்து திருமணமாகி நம் பங்குகளுக்கு வந்த குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் கேட்டால் கடவுச்சீட்டு வாங்க அலைந்த கதையைச் சொல்வார்கள்.

ஆகவே வினோத் துவாவின் பெயரைத் தாங்கிய தீர்ப்பு நமக்கும் ஓர் அரண். அரணின் உயரத்தை மிகைப்படுத்தவும் கூடாது. அத்தீர்ப்பு வந்த முப்பத்திரண்டாம் நாள், வேறொரு சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டிருந்த திருச்சி மண்ணின் மைந்தர், இயேசு சபைத் தந்தை ஸ்டான் சுவாமி, பிணை கிடைக்காமலேயே மும்பை மருத்துவமனை ஒன்றில் உயிர்நீத்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124-ஏ பிரிவையே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், அது வேறு எண்ணும் வேறு சொற்களும் பூண்டு 152-ஆம் பிரிவாக வந்திருக்கிறது என்று சட்டம் அறிந்தோர் பலர் கூறுகின்றனர்.

இதுவரை எழுதியதுதான் அன்று இளையோருக்கு நான் ஆற்றிய உரை. நான் விட்ட பகுதி இனி.

2017-இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில், நடிகர் அக்ஷய் குமார், துவாவின் மகளும் நகைச்சுவைக் கலைஞருமான மல்லிகாவிடம் இரட்டைப் பொருள்படும் ஒரு சொல்லைச் சொன்னார். தந்தையான துவா கொதித்தெழுந்தார். நடிகரைக் கடுமையாகக் கண்டித்தார். எந்தத் தந்தைக்கும் வரும் சினம் அது. மறு ஆண்டு அக்டோபரில், பெண்கள் தாங்கள் பணியிடங்களில் பட்டதை வெளியே சொல்லத் தொடங்கிய நாள்களில், ஆவணப்பட இயக்குநர் நிஷ்டா ஜெயின் அந்தச் சினத்தை நினைவுபடுத்தி எழுதினார். 1989-இல் வேலை தேடித் தம்மிடம் வந்த தம்மை துவா இழிவுபடுத்தினார், பின்னர் பின்தொடர்ந்து வந்து காரில் அத்துமீறினார் என்பது அவர் கூற்று. மகளுக்காகச் சினந்த மனிதர் தம் செயலை நினைத்துப் பார்க்கட்டும் என்பது அதன் சாரம்.

1989! நாங்கள் குருமடத்தில் அந்த முகத்தை வியந்து பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டு.

துவா குற்றச்சாட்டை மறுத்தார். மறுத்த இடம் எது என்பதே என்னை உறுத்துகிறது. தம் சொந்த நிகழ்ச்சியில், தம் வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, தனியாகப் பேசி மறுத்தார். அந்நிகழ்ச்சியை வெளியிட்டுவந்த ‘தி வயர்’ இணைய இதழ், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி அஃப்தாப் ஆலம் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நிகழ்ச்சி நின்றது. குழுவிடமிருந்து முடிவு எதுவும் வெளிவரவில்லை. பின்னர் துவா வேறொரு தளத்தில் அதே போன்ற நிகழ்ச்சியுடன் தோன்றினார். தேசத்துரோக வழக்கு வந்தது, வெற்றி வந்தது, நோய் வந்தது, இறப்பு வந்தது. இரங்கல் குறிப்புகள் பலவற்றில் 2018 என்ற ஆண்டே இல்லை. என் உரையிலும் இல்லை.

அவர் குற்றவாளி என்று நான் எழுதவில்லை. எழுதும் உரிமையும் எனக்கில்லை; எந்த மன்றமும் அதை ஆராய்ந்து சொல்லவில்லை. ஆயின் ஒரு திறனாய்வாளன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அமைச்சரும் எதிர்நாற்காலியில் அமர்ந்து எளியவரின் கேள்விக்கு விடைதரவேண்டும் என்று நாட்டுக்குக் கற்பித்தவர், தம்மிடம் ஒரு கேள்வி வந்தபோது அந்த நாற்காலியில் அமர்ந்தாரா? குற்றம் உண்டா இல்லையா என்பதற்கு முந்திய கேள்வி இது. இதற்கு அவருடைய சொந்தப் படைப்பே அளவுகோல். வெளியிலிருந்து நான் எதையும் கொண்டுவரவில்லை. ஜன்வாணியைக் கொண்டு அளந்தால், 2018-இன் துவா 1985-இன் துவாவுக்குக் குறைந்தே நிற்கிறார்.

அரசுக்கு முன் துணிவு என்பது நமக்கு மேலே இருப்பவரிடம் காட்டும் துணிவு. வேலை கேட்டு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு முன் நாம்தான் அரசு. இவ்விரு இடங்களிலும் தேர்வு ஒன்றல்ல. ஒன்றில் தேறியவர் மற்றதிலும் தேறியிருப்பார் என்று நாம் ஏன் கருதிக்கொள்கிறோம்? எங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் திருவுருவில் அரியும் அரனும் ஆளுக்குப் பாதியாக இணைந்திருப்பதைப் பிறசமய நண்பர்கள் பெருமையுடன் விளக்குவார்கள். மனிதரைப் பற்றிப் பேசும்போதும் ‘பாதி இப்படி, பாதி அப்படி’ என்று அதை உவமையாக்குவோர் உண்டு. உவமை பொருந்தாது. அங்கே இரு பாதியும் வணக்கத்துக்குரியவை. இங்கே ஒரு பாதியை வணங்கி, மறுபாதியைத் துணிபோட்டு மூடிவிடுகிறோம்.

இவ்வளவு நன்மை செய்தவர்தாமே, கழித்துவிடக் கூடாதா என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. லூக்கா நற்செய்தியின் சக்கேயுவைப் பாருங்கள். உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னபின், அதோடு கணக்கு முடிந்தது என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஏமாற்றப்பட்டவருக்கு நான்கு மடங்கு என்பதைத் தனியாகச் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு பேரேடுகள். ஊருக்குக் கொடுத்ததை உரியவருக்குக் கொடுத்ததாக எழுத முடியாது.

துவாவின் வரலாற்றைப் படிக்கும்போது நாத்தான் இறைவாக்கினரை நினையாமல் இருக்க இயலவில்லை. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைக் கேட்டுத் தாவீது சினந்தெழுகிறார். அந்த மனிதர் அரசரே என்று நாத்தான் சொல்கிறார். பிறர் செய்த அநீதியின் மீது எழுந்த நேர்மையான சினம், கேள்வியாக மாறித் தன் மேலேயே திரும்பிவரும் அந்த நொடி. ஒப்புமை அதுவரைதான். தாவீது செய்தது இன்னதென்று விவிலியம் அறியும். துவா விஷயத்தில் நாம் அறியோம். ஆனால் கேள்வி வந்த வழி ஒன்றே.

திருவிவிலியம் இதை எப்படிப் பதிவு செய்தது என்பதுதான் இரங்கல் எழுதுவோர் கவனிக்கவேண்டியது. தாவீதின் திருப்பாடல்களை நாம் நாள்தோறும் பாடுகிறோம். எவரும் அவற்றைக் கிழித்தெறியவில்லை. உரியாவின் கதையும் அதே நூலில் இருக்கிறது. எவரும் அதையும் கிழிக்கவில்லை. மத்தேயு ஒருபடி மேலே போகிறார். ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் பத்செபாவின் பெயரைச் சொல்லாமல், அவரை உரியாவின் மனைவி என்றே குறிக்கிறார். கொல்லப்பட்ட கணவனின் பெயர் அங்கே நிலைத்துவிடுகிறது. அந்தப் பகுதியை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் நான் வாசிக்கிறேன். இத்தனை ஆண்டுகளாக வாசித்தும், அம்மாணவி கேட்கும்வரை அந்த இடத்தில் என் குரல் தயங்கியதில்லை.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதும் தகுதி நமக்கு எளிதாக வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனவளர்ச்சி குன்றியோருக்காக ‘லார்ஷ்’ இல்லங்களைத் தொடங்கிய ஜான் வனியேயின் எழுத்துகளை ஞான ஒடுக்கங்களில் நான் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அவர் இறந்த மறு ஆண்டு, 2020 பிப்ரவரியில், அவர் பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்று லார்ஷ் அமைப்பே விசாரித்து வெளியிட்டது. தன்னைப் பெற்றெடுத்தவரைப் பற்றிய கேள்விக்கு அவ்வமைப்பு எதிர்நாற்காலியில் அமர்ந்தது. நமது நிறுவனங்கள் அனைத்தும் அப்படி அமர்ந்தனவா என்று வாசகர்கள் கேட்டால், இல்லை என்பதே என் விடை.

அந்த உரையை அண்மையில் வேறொரு பங்கின் இளையோருக்கு மீண்டும் ஆற்றினேன். ஜன்வாணி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இடிந்தகரை எதையும் குறைக்கவில்லை. நிஷ்டா ஜெயின் சொன்னதையும், துவா மறுத்ததையும், குழு முடிவு சொல்லாததையும் சேர்த்துக்கொண்டேன். உரை ஐந்து நிமிடம் நீண்டது. இம்முறை கைதட்டல் குறைவு.

முடிந்தபின் அப்பங்கின் முதிய உபதேசியார் என்னைத் தனியே அழைத்தார். “சாமி, செத்துப்போனவரப் பத்தி நல்லதத்தான பேசணும்னு நம்ம பெரியவங்க சொல்லிருக்காங்க?” என்றார், மனவருத்தத்தோடு.

கேள்வியை எழுப்பிய அம்மையார் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.